வலப்பக்கம் திரும்பாத காருக்கு எண்பத்திரண்டு மார்க்

எண்பதுகளின் கடைசியில் திருச்சி புத்தூரில் ஒரு வீடியோ கேம் கடை திறந்தார்கள். நாங்கள் நாலு நண்பர்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். மாதம் ஒரே ஒரு பிரதி. வீடு வீடாகச் சுற்றிக் கிழிந்து திரும்பி வரும். சினிமாவுக்கு மார்க் போட ஏற்கெனவே அடிதடி. அதனால் நான் வீடியோ கேமுக்கு மார்க் போடக் கிளம்பினேன். ஆபீஸில் என் பேச்சை ப்யூன்கூடக் கேட்கமாட்டார். இங்கே நூற்றுக்கு இத்தனை என்று தீர்ப்புச் சொல்லலாம்.

கடைக்காரர் தங்கமான மனிதர். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் காசு வாங்க மறுத்துவிட்டார். காபி வேறு. வேண்டாமென்றால் மரியாதையாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கிருந்த கார் பந்தய மெஷினில் ஸ்டீயரிங் வலப்பக்கம் திரும்பாது. காபி குடித்த வாய் அதை எப்படிச் சொல்லும்? 'இடப்பக்கத் திருப்பங்கள் அபாரம்' என்று எழுதி எண்பத்திரண்டு போட்டேன். பொய்யில்லைதானே.

அதை நம்பியவள் என் தங்கை. காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், நான் மட்டம் என்று சொன்ன படத்தை எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். அம்மாவிடம் பத்து நாள் கெஞ்சி அனுமதி வாங்கி என்னோடு பஸ் ஏறினாள். முதல் வலத் திருப்பத்திலேயே கார் சுவரில் மோதி ஆட்டம் முடிந்தது. அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் என் கையில் காபியைக் கொடுத்து, சாருக்கு இங்கே எல்லாமே ஃப்ரீதான் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னார். அவள் காபியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அவமானம் பிடுங்கித் தின்றது. அடுத்த இதழில் அதே மெஷினுக்குப் பன்னிரண்டு மார்க் போட்டு, ஸ்டீயரிங்கைக் கிழி கிழியென்று கிழித்தேன். பிரதியை முதலில் தங்கையிடம் நீட்டினேன்.

"இப்பதான்ணா நீ எழுதினதுல நிஜம் இருக்கு," என்றாள்.

ஒரு மாதம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீரம் தலைக்கேறி, பிரதியைக் கடைக்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். பிறகு என்னை மெஷின் முன்னால் உட்காரவைத்தார். ஸ்டீயரிங் வலப்பக்கம் வெண்ணெய் மாதிரித் திரும்பியது. தங்கை வந்துபோன மறுநாளே மெக்கானிக்கை வரவழைத்துச் சரிசெய்துவிட்டாராம்.

"இன்னொரு தடவை ஆடிப் பாத்துட்டு எழுதியிருக்கலாம் சார்," என்றார்.

கடைக்காரர் கோபித்துக்கொண்டாரா என்று வீட்டில் தங்கை கேட்டாள். நடந்ததைச் சொன்னால் மறுபடி பேச்சு நின்றுவிடும். ரொம்பக் கோபம் என்றேன்.