மருந்தில்லாத ரவை

சோறு கொதிக்கிற நேரத்தில் புஸ்பராணி அன்ரி அந்த இரண்டு துவக்கு ரவைகளையும் குசினியில் ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். ஒன்று நீளம், தடிப்பு. மற்றது மெலிவு, உயரத்திலும் குறைவு. பெரியதைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுவார். பிறகு சின்னதை. பிறகு இரண்டையும் பின்னுக்கு இழுப்பார். "ரெண்டும் வாயைத் திறக்குதில்லகா" என்று என்னிடம் முறையிடுவார்.

வாயைத் திறக்காதுதான். இரண்டும் மாதிரிக்குச் செய்தவை, உள்ளே வெடிமருந்து இல்லை. அடியைத் திருப்பிப் பார்த்தால்தான் வெடிக்கிற ரவைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். இங்கே கனடாவில் லின்ட்சே பக்கத்தில் துவக்கு, அதாவது துப்பாக்கி, செய்கிற ஒரு வெள்ளைக்காரர், "வீட்டுக்குக் கொண்டுபோய் யோசி" என்று கொடுத்துவிட்டவை.

துவக்கு பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அன்ரியின் கை குட்டை. கடையில் விற்கிற துவக்கு எதுவும் அவர் தோளுக்குச் சரிவருவதில்லை. அதனால் மான் வேட்டைக்கும் குறி சுடுவதற்கும் பொதுவாக ஒரு துவக்கை அவர் அளவுக்கே செய்யக் கொடுத்திருக்கிறார். எந்த ரவை என்று அவர் சொன்ன பிறகுதான் குழலின் பின்பக்கத்தை அதற்கு அளவாக வெட்டுவார்கள். வெட்டினால் வெட்டியதுதான். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடை பூட்டுமுன் முடிவு சொல்ல வேண்டும்.

அஜக்ஸில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது அவர் வேலை. பிள்ளைகள் இறங்கிய பிறகு கடைசி இருக்கை வரை நடந்துபோய், குனிந்து பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸைப் பூட்டுவார். அப்படிப் பார்க்க வேண்டும் என்பது விதி. திரும்பி வரும்போதும் ஒவ்வொரு இருக்கைக்குக் கீழும் பார்ப்பது அவர் விதி. துவக்கோடும் அப்படித்தான். வெறுமையா என்று கண்ணால் பார்ப்பார், சின்ன விரலை விட்டுப் பார்ப்பார், பிறகு புருசன் இரத்தினவேலைக் கூப்பிட்டுக் காட்டுவார். அங்கிள் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமலே "வெறும் துவக்கு, வெறும் துவக்கு" என்பார். வீட்டில் துவக்கு இருப்பது அவருக்குப் பிடிக்காது. மான் இறைச்சிக் கறி பிடிக்கும்.

கோயிலில் ஒருமுறை ஒரு பெண் கேட்டார்: "வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் இஞ்ச வந்து காசு குடுத்து வெடி வைக்கிறியளே?" அன்ரி மட்டக்களப்பிலிருந்து வந்தவர். சண்டை நேரம் பதுங்கு குழியில் படித்துச் சோதனை எழுதியவர். "அது ஆக்களைத் தேடின துவக்கு. இது வேற" என்றார்.

போன நவம்பரில் பான்குரொப்ட் காட்டில் அவர் சுட்ட மான் விழவில்லை. பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஓடியது. அவரும் கூட்டாளி கிளிபோட் அண்ணையும் இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து இருட்டும் வரை நடந்தார்கள். பிறகு பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. "எங்க போய்ப் படுத்துச்சோ" என்று இப்போதும் திடீரென்று கேட்பார், வெங்காயம் வெட்டும்போது, சிவப்பு விளக்கில் நிற்கும்போது. "இன்னொண்டு அப்பிடி ஓடினா நான் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்திருவன் புள்ள. மறுகா காட்டுப் பக்கமே இல்ல."

அன்று அவர் சுட்டது தன் பழைய துவக்கில், சின்ன ரவையால். அதனால் குற்றவாளி சின்ன ரவைதான் என்று வைத்திருந்தார். தன் கையில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பின்னேரங்களில் வெறும் துவக்கின் குழல்மேல் பத்துச் சத நாணயக் குற்றி ஒன்றை வைத்து விசையை இழுத்துப் பார்ப்பார். குழல் ஆடினால் குற்றி விழும். குற்றி விழுந்ததை நான் கண்டதில்லை.

சனிக்கிழமை விட்பிக்கு வடக்கே இருக்கிற சூட்டுத் திடலுக்குப் போனோம். கிளிபோட் அண்ணையின் துவக்கு பெரிய ரவை போடுகிற மாக்னம். அதில் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அண்ணை யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர், கொங்கிரீற் லொறி ஓட்டுகிறவர். காரை விட்டு இறங்குமுன்பே தொடங்கினார்.

"புஸ்பம், உமக்கு உது வேண்டாம். தோள்மூட்டைக் கழட்டிக் கையில தரும். பொம்பிளையளுக்குச் சின்னது காணும்."

"அப்ப எனக்குப் பெரிசுதான்" என்றார் அன்ரி.

குசினியில் போலவே இரண்டு மாதிரி ரவைகளையும் மேசையில் நிமிர்த்தி வைத்தார். காதுக்கவசத்தைப் போட்டார். கிளிபோட் அண்ணை பக்கத்தில் நின்று ஒவ்வொரு ரவையாகப் போட்டுக் கொடுத்தார். முதல் வெடி என் நெஞ்சில் இடித்தது. அட்டையில் ஓட்டை கீழே, இடப்பக்கம் விழுந்தது. இரண்டாவதும் கீழேதான். அன்ரி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி துவக்கில் கன்னத்தை வைத்தார்.

மூன்றாவது வெடிக்கவில்லை. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும். ஆனால் குழலின் நுனி, யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல, படக்கென்று கீழே போய் வந்தது.

மேசையைப் பார்த்தேன். பெரிய மாதிரி ரவையைக் காணவில்லை.

"என்னைக் கேக்காம என்ட ரவையை எப்பிடி எடுப்பீங்க?" என்று அன்ரி அண்ணையைக் கேட்டார்.

"கேட்டிருந்தா உமக்குத் தெரிஞ்சிருக்கும். சதக் குற்றி விழாது, ஏனெண்டா அது வெறும் துவக்கு எண்டு உமக்குத் தெரியும். இது வெடிக்குமோ எண்டு தெரியாது. அதுதான் வெடிக்க முதலே குழலைக் குனியிறீர்" என்றார் அண்ணை.

அன்ரியின் முகம் சிவந்தது. "இது பெரிசு, அதுதான். என்ட பழைய துவக்கை எடுங்க. சின்னதில போட்டுக் காட்டுங்க. நான் பாக்கமாட்டன்." அண்ணை போடும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அண்ணை சின்ன மாதிரி ரவையை வெடிக்கிறவற்றோடு கலந்து ஒவ்வொன்றாகப் போட்டார். வெடி. வெடி. வெடி. நான்காவது 'டிக்'.

இந்த முறை குழல் அவ்வளவு குனியவில்லை. ஒரு விரல் அகலம்தான். ஆனால் குனிந்தது. அந்த ஒரு விரல் மானுக்குப் போய்ச் சேரும்போது எவ்வளவு ஆகியிருக்கும்? அன்ரி கன்னத்தை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"பரவாயில்லை தங்கச்சி" என்றார் கிளிபோட் அண்ணை, குரலை இறக்கி. "எல்லாருக்கும் உள்ளதுதான்."

அன்ரி எழும்பினார். "எல்லாருக்குமா? அப்ப நீங்க இருங்க அண்ணன்."

"நானோ? இருவது வருசமாச் சுடுறன்."

"இருங்க."

பெரிய மாதிரி ரவையை எடுத்து மற்ற ரவைகளோடு கலந்தார். "கண்ணை மூடுங்க" என்று மாக்னத்தில் அவரே போட்டுக் கொடுத்தார். ஒரு வெடி. இரண்டாவது வெடி. மூன்றாவது 'டிக்'. குழல் குனிந்தது மட்டுமில்லை, அண்ணையின் தலையும் தோளுக்குள் போனது. தொப்பி மேசையில் விழுந்தது.

"காத்து" என்றார் அண்ணை.

"காத்துக் குழலைக் குனிய வைக்குமா?"

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அண்ணை காதுக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூரத்து மண்மேட்டைப் பார்த்தார். "சத்தம் வரமுதலே உடம்பு பதுங்குது, என்ன?"

"ஓம்" என்றார் அன்ரி.

எங்கே பழகியது என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அன்ரி போனை எடுத்தார். நான் மேசையில் மறுபடி நிறுத்தியிருந்த சின்னதையும் பெரியதையும் மாறி மாறிப் பார்த்தேன். இப்போது சின்னது என்றால் கிளிபோட் அண்ணை சொன்னது சரி என்றாகிவிடும். அடுத்த பத்து வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவார். பெரியது என்றால் உடம்பு இன்னும் ஆழமாகப் பதுங்கும். போன் அந்தப் பக்கம் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள்.

"சின்னது" என்றார் அன்ரி, பஸ் பிள்ளைகளோடு பேசுகிற தெளிவான இங்கிலீஷில். வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார். "ஆம், நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். வெட்டுங்கள். இன்னொன்று, அந்த மருந்தில்லாத ரவை சின்னதில் பழகுவதற்கு இன்னும் ஐந்து வேண்டும்."

"நான் அப்பவே சொன்னனான்…" என்று வாயெடுத்த கிளிபோட் அண்ணை, அன்ரியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அன்ரி மேசையில் கிடந்த அண்ணையின் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தார். அதற்குள் சின்ன மாதிரி ரவையைப் போட்டார். பெட்டியில் மிச்சமிருந்த வெடிக்கிற சின்ன ரவைகளையும் கொட்டி நன்றாகக் குலுக்கினார். தன் பழைய துவக்கின் நுனி மண்மேட்டைப் பார்த்தபடி இருக்க, முகத்தைக் கார்கள் நிற்கிற பக்கம் திருப்பிக்கொண்டு, தொப்பிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். பார்க்காமலே போட்டு மூடினார். பிறகு திரும்பி, கன்னத்தை மெதுவாகத் துவக்கின் மரப்பிடியில் வைத்தார்.