பதினைந்து நொடி

சித்தூரில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன் நான். என் நண்பன் பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் லோடு ஏற்றுபவன். அவனுக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். ஒரு சீசன் முடிந்து மண்டி காலியானபோது, அங்கேயே ஒரு துரத்தல் குறும்படம் எடுத்தோம். ஓடுகிறவன் அவன். துரத்துகிறவன் அவனோடு மூட்டை தூக்கும் ஒருவன்.

எட்டு நிமிடப் படம். எங்கும் வேகம் குறையக் கூடாது என்று, ஒரு ஷாட்டைக்கூட ஒரு நொடிக்கு மேல் நிற்கவிடாமல் வெட்டினேன். பெருமையாக என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

"இன்னாம்மா, நல்லா இல்லியா?"

"யாரு யார அடிக்கறாங்கன்னே தெர்லங்க. ஓடிக்கினே இருக்காரு. ஒரு எடத்துலயாச்சும் நின்னாதான அவருக்குப் பயமா இருக்குதா, வலிக்குதான்னு நமக்குத் தெரியும்?"

கோபம்தான் வந்தது. ஆனாலும் ஒதுக்கிவைத்த காட்சிகளை மறுபடி ஓடவிட்டேன். ஓரிடத்தில் நண்பன் கால் பிசகி, அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கேமரா ஓடுவது அவனுக்குத் தெரியவில்லை. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். கண்ணில் உண்மையான பயம். பதினைந்து நொடி. அதை அப்படியே துரத்தலின் நடுவில் வைத்தேன். அதற்குப் பிறகு வந்த சண்டையில், ஒரு ஷாட்டைக்கூட மாற்றாமலே, ஒவ்வொரு அடியும் என் மேல் விழுந்தது.

நண்பன் ஒப்பவில்லை. "அழற மாரி இருக்கறன்பா. தூக்கிடு. ஹீரோ குந்திக்கினு இருந்தா ஜனம் எழுந்து போய்டும்."

இரண்டு நாள் அவன் என் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, படத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றான். நான் வெளியே நின்றேன். பார்த்து முடித்துக் கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்க்காமல், "இருக்கட்டும்" என்றான்.

திருப்பதியில் ஒரு கல்லூரி அரங்கில், குறும்படப் போட்டியில் திரையிட்டார்கள். அவன் அம்மாவையும், துரத்துகிறவனாக நடித்தவனையும் அழைத்துப்போனோம். முதல் இரண்டு நிமிடம் பலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்ததும் அரங்கம் அடங்கியது. போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. துரத்துகிறவனின் நிழல் பெட்டி மேல் விழுந்தபோது, அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"டேய், பின்னால பார்ரா! வரான்டா!"

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும் தெலுங்கில், "கூர்ச்சோம்மா, ஏமீ காதுலே" என்று தணிவாகச் சொல்லி உட்காரவைத்தார். ஒன்றும் ஆகாது என்று அவரும் தனக்கே சொல்லிக்கொண்டதைப்போல் இருந்தது.

பரிசு எங்களுக்கு வரவில்லை. அம்மா நண்பனின் காலைக் குனிந்து பார்த்து, பிசகியதை ஏன் சொல்லவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். சித்தூர் பஸ் சந்திரகிரியைத் தாண்டும்வரை திட்டு தொடர்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தொரத்திக்கினு வந்து கடசீல அடி வாங்கனானே, அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?"

இரண்டு சீட்டு முன்னால் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவனைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, "எழுந்தா குடு" என்றார்.