கப்பலொடைஞ்சான் வீட்டுக் குத்தகை

அன்று எங்கள் வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர்: அப்பா, அம்மா, நான், நிலத்துக்காரருடைய காரியக்காரர், குத்தகைப் பதிவுக்கு வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அவர் பையைத் தூக்கி வந்த தலையாரி. நிலத்துக்காரர் கும்பகோணத்தில் இருந்தார், வரவில்லை.

சாகுபடி செய்கிறவன் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு யாரும் கிளப்ப முடியாது என்று கட்சிக்காரர்கள் மைக் கட்டிச் சொல்லிப்போன வருஷம் அது. குடவாசலுக்குக் கிழக்கே எங்களுக்கு ஒன்பது மா, அதாவது மூணு ஏக்கர், குத்தகை. பெயர் ஏறுமா ஏறாதா என்பதுதான் நாலு நாளாக வீட்டில் பேச்சு. ஆறாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன். மனுவை நான்தான் எழுதினேன். எதையாவது மறைத்தால் ஜெயில் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பயத்தில், ஊரில் எங்களைச் சொல்லும் பெயரையும் சேர்த்தேன்: கப்பலொடைஞ்சான் வீடு.

அப்பாவின் தாத்தா வந்த கப்பல் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே உடைந்தது. கரையேறி, வாய்க்கால் வரப்பைப் பிடித்து நடந்தே இங்கு வந்தாராம். அப்படி வந்தவர்களை அந்தக் காலத்தில் ஊர் விரட்டாது. ஒரு அறுப்பு வரைக்கும் பொதுவில் நெல் அளந்து கொடுக்கும், வேலை வாங்காது. அந்த நெல்லை வாங்கினவருக்குத்தான் இந்தப் பெயர். அடுத்த போகமே அவர் குத்தகைக்கு ஏர் பிடித்துவிட்டார். பெயர் மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து, "நீச்சல் தெரியுமாடா?" என்று கேட்பார்கள்.

காரியக்காரர் மனுவை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சார், இவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. கரை ஒதுங்கினவங்களுக்கு ஊர் பாவம்னு சோறு போட்டுச்சு. அந்தத் தயவுலதான் இன்னிக்கும் இருக்காங்க. குத்தகையாவது ஒண்ணாவது."

அப்பா கைகட்டியபடியே கேட்டார். "நாலு தலைமுறையா களத்துல உங்களுக்குக் குத்தகை நெல் அளந்தது யாருங்க?"

ரசீது உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். களத்தில் அளக்கிற நெல்லுக்கு எங்கள் பக்கத்தில் யார் ரசீது கேட்டார்கள்? அம்மா உள்ளே போய் ஒன்றுமில்லாத தகரப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். இன்ஸ்பெக்டர் குத்தகைதாரர் என்ற இடத்தில் பெயர் எழுதாமல் கோடு இழுத்தார்.

அந்த மனுவை எழுதியது என் கை.

தை அறுப்பை நிலத்துக்காரருடைய ஆட்களே அறுத்தார்கள். நாங்கள் நட்ட பயிருக்கு முந்நூறு ரூபாய் தருவதாகப் பேச்சு. அப்பா இரண்டு தடவை கும்பகோணம் போய் நூற்றிருபது வாங்கி வந்தார். மூன்றாம் தடவை போக அவர் உயிரோடு இல்லை. பாக்கி நூற்றெண்பது ரூபாய்.