மாதையன் பெயரின் மேல் ஒரு டிராகன்

அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பச்சை குத்தும் கடைக்குள் அமுதவல்லி நுழைந்தபோது, சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தாள். முழுக்கைச் சட்டை. மணிக்கட்டில் பொத்தான் இறுக்கமாகப் பூட்டியிருந்தது.

கம்பைநல்லூர்ப் பக்கத்து டிராகன் பழத் தோட்டங்களில் வேலை பார்க்கும் பெண்கள் முள்ளுக்குப் பயந்து இப்படித்தான் சட்டை போடுவார்கள். பொழுது சாய்ந்தால் கழற்றிவிடுவார்கள். அமுதவல்லி மட்டும் கழற்ற மாட்டாள். சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டாள், கல்யாண வீட்டிலும் கழற்ற மாட்டாள்.

"சட்டையக் கழட்டுங்கக்கா" என்றாள் கடைக்காரப் பெண் கலைமதி.

அமுதவல்லி பொத்தானை அவிழ்த்துக் கையை மடித்துவிட்டாள். முன்கை முழுக்கப் பச்சை எழுத்துகள். மாதையன். கட்டினவனின் பெயர். கல்யாணமான வருஷம் தீர்த்தமலைத் திருவிழாவில் அவனே பக்கத்தில் நின்று, "இன்னும் பெருசா, இன்னும் பெருசா" என்று சொல்லிக் குத்தவைத்தது. அன்று அவளும் சிரித்துக்கொண்டுதான் கையை நீட்டினாள். அந்தச் சிரிப்புக்கு எத்தனை கண்ணீர் விலை கொடுக்கப் போகிறாள் என்று அந்தப் பேதைக்கு எப்படித் தெரியும்?

அவன் பாப்பாரப்பட்டிக்காரன். நினைத்தால் வைத்துக்கொள்வான், நினைத்தால் வெளியே தள்ளுவான். கொட்டுகிற மழையில், கைக்குழந்தையோடு அவள் நின்றபோது உள்ளே தாழ்ப்பாள் போட்டவன் அவன். அப்போதெல்லாம் அவள் அரூரில் இருக்கும் அண்ணன் முருகன் வீட்டுக்குத்தான் ஓடி வருவாள். கொஞ்ச நாள் போனதும் மாதையன் வந்து நிற்பான். சொந்தக்காரப் பெரியவர்கள் கூடி நியாயம் பேசுவார்கள். பேச்சு அவனுக்கு எதிராகத் திரும்பும் நேரம் பார்த்து, அவன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துச் சபைக்கு நடுவே தூக்கிக் காட்டுவான்.

"யார் பேருங்க இது? படிச்சவங்க யாராச்சும் படிங்க. இந்தப் பேரு இருக்கற வரைக்கும் இவ எம் பொண்டாட்டி."

அதோடு எல்லா வாயும் மூடிவிடும். அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டு, "போயிட்டு வாம்மா" என்பான். ஒவ்வொரு முறையும் இதேதான் நடந்தது.

இந்த முறை அவனுடைய தாய் படுத்த படுக்கையாகிவிட்டாள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூன்று வருஷமாகத் தோட்ட வேலைக்குப் போய்ப் பிள்ளையோடு அண்ணன் வீட்டில் இருந்தவளைத் திரும்பிப் பார்க்காதவனுக்குப் பெண்டாட்டியின் ஞாபகம் வந்துவிட்டது. இன்று மாலை அண்ணன் வீட்டில் மறுபடியும் கூடுகிறார்கள். அதற்கு முன்னால் அந்தப் பெயர் மறைய வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் அந்த வாசல், அந்தத் தாழ்ப்பாள்.

"மேல என்ன போடணும்ங்க?"

அமுதவல்லி மடியிலிருந்து கிழிந்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்தாள். தோட்டத்துப் பழப்பெட்டியின் மூடி. அதில் சிவப்பு மையில் ஒரு டிராகன் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

கூட வந்திருந்த ஏஞ்சலின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரே தோட்டத்தில் வேலை செய்பவள், வயதில் சின்னவள். "யக்கா, எங்க கோயில்ல ரெக்க வெச்ச மிக்கேல் சம்மனசு இதத்தான் காலுக்கு அடியில போட்டு மிதிச்சிக்கிட்டு நிக்கறாரு. இது சாத்தான்க்கா! ஒரு ரோசாப்பூவு, ஒரு மயிலு, இந்த மாதிரி கேக்காம..."

"பூ போட்டா பேரு மறையாதுங்க, எழுத்து வெளியத் தெரியும்" என்றாள் கலைமதி. "டிராகனுக்குத்தான் செதில் செதிலாக் கருப்பு ஏத்தலாம். சாத்தான்னு ஏன் சொல்றீங்க? சீனாவுல இதுதான் மழை குடுக்குதுன்னு கும்பிடறாங்களாம். இங்க ஜிம்முக்குப் போற பசங்க கெத்துக்குப் போட்டுக்கறாங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உங்களுக்கு எதுக்குங்கக்கா?"

"பேரு மறையுமா? அதச் சொல்லும்மா."

"மறையும்."

"அப்பப் போடு."

ஊசி ரீங்காரமிட்டது. வால் முளைத்தது. கடைசி எழுத்து கருமைக்குள் அமிழ்ந்தது. ஏற்கெனவே குத்தின தோல், வலியில் உயிர் போனது. அமுதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள்.

அவள் பையிலிருந்த போன் அடித்தது. ஏஞ்சலின் எடுத்தாள்.

"முருகண்ணனுங்களா? ஆமாங்க, அக்கா இங்கதான் இருக்குது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, டாட்டூ கடையில..."

சொல்லி முடித்த பிறகுதான் எதிர்முனையில் முருகனோடு கேட்ட இன்னொரு குரல் அவளுக்கு உறைத்தது. "யக்கா... உங்க வூட்டுக்காரரு பஸ்ஸ வுட்டு எறங்கிட்டாராம். அண்ணனுக்குப் பக்கத்துலதான் நிக்கறாராம். எல்லாம் காதுல வுழுந்துடுச்சு."

கலைமதியின் ஊசி நின்றது. "அக்கா, பிரச்சனை ஏதாச்சும்..."

"நீ நிறுத்தாதம்மா. எத்தன எழுத்து பாக்கி?"

"முதல் ரெண்டு."

ரீங்காரம் மறுபடி தொடங்கியது. வெளியே ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் ஏஞ்சலின் வாசலைப் பார்த்தாள். கலைமதியின் நெற்றியில் வேர்த்தது. அவசரப்பட்டால் கோடு கோணும், நிதானித்தால் அவன் வந்துவிடுவான்!

வந்துவிட்டான். கண்ணாடிக் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

"என்னடி பண்ற?" மாதையன் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பற்றினான். ரத்தமும் மையும் கலந்து அவன் விரல்களில் வழிந்தன. "யாரக் கேட்டு எம் பேர அழிக்கற? ஏ பொண்ணு, மிஷின நிறுத்து. கடையக் கொளுத்திடுவன்!"

"கையுறை இல்லாம தொடாதீங்க!" கலைமதி கத்தினாள். பயத்திலும் அவளுக்கு அதுதான் வாயில் வந்தது. ஏஞ்சலின் ஸ்டூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எறங்குதா இல்லையா பாரு, மண்டையில!"

மாதையன் பிடியை இறுக்கினான். எத்தனையோ சபைகளில் இதே பிடி. இதே இடத்தில்.

அமுதவல்லி கையை இழுக்கவில்லை. அழவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாப் புடிச்சிக்கங்க" என்றாள். "வலியில எங் கை நடுங்குது. ஆடாமப் புடிச்சிக்கங்க. அந்தப் பொண்ணு சீக்கிரம் முடிச்சிரும்."

கலைமதி பக்கம் திரும்பினாள்.

"போடும்மா."

கலைமதி அவளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு ஊசியை இறக்கினாள். மாதையன் பிடித்திருந்த கையிலேயே, மாதையன் கண் முன்னாலேயே, 'தை' மெல்ல மெல்லச் செதில்களுக்கு அடியில் போனது. அவனால் விட்டுவிடவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருவன், "யோவ், நல்லாப் புடிய்யா!" என்றான்.

'மா' இருந்த இடத்தில் டிராகனின் வாய் திறந்தபோது, மாதையனின் விரல்கள் தாமாகவே கழன்றன.

மாலையில் முருகன் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அமுதவல்லி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு வந்து நின்றாள். ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்குள் டிராகன் பளபளத்தது. மாதையன் மூலையில் உட்கார்ந்து விரல்களை வேட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தான். மை போகவில்லை.

"என்ன மாதையா, எப்பவும் என்னமோ காட்டுவியே?" என்றார் பெரிய சித்தப்பா.

அவன் தலை நிமிரவில்லை.

வேறு வழியில்லாமல் சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "நீயே சொல்லும்மா. போறியா?"

"போவலீங்க."

முருகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தங்கையின் கையைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. "அவ இங்க இருக்கட்டும்" என்றான்.

மாதையன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனான். யாரும் தடுக்கவில்லை.

சித்தப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் கையருகே குனிந்தார். "ஆமா, இது என்னா கண்ணு? மொதலையா?"

"டிராகனுங்க, சித்தப்பா."

"அது என்ன பண்ணும்?"

"மூணு வருஷமா எனக்குச் சோறு போடுதுங்க" என்றாள் அமுதவல்லி.