ஒன்பதாவது வளைவில் கேட்ட சைக்கிள் மணி

போடிமெட்டுச் சாலையில் இறக்கத்தில் வருகிற எவனும் இஞ்சினை ஓடவிடமாட்டான். மலையுச்சி மெட்டில் அணைத்துவிட்டால் அடிவாரத்து முந்தல் வரை வண்டி தானாக உருண்டு வந்துவிடும்; பெட்ரோல் மிச்சம். எஸ்டேட் ஜீப்பு ஓட்டிய நானும் அந்தக் கஞ்சப்பயல்களில் ஒருவன்தான்.

ஏலக்காய்க் கடைக்குச் சாம்பிள் வாங்க ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் தினமும் மலையேறி இறங்குகிற உக்கிரபாண்டி, ஒரு காலத்தில் எங்களைவிட மோசமாக உருட்டியவன். எழுபத்தொன்பதுக்குப் பிறகு அடியோடு மாறிப்போனான். இறக்கத்திலும் இஞ்சின் ஓடும், பட்டப்பகலில் விளக்கு எரியும். ஒன்பதாவது வளைவில் மட்டும் ஹாரன் அடித்துவிட்டு, வண்டியை அணைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் வழிவிடுவது மலைச்சாலை வழக்கம்தான். இவனோ யாருமே வராத சாலைக்கு வழிவிட்டு நின்றான். கேலி செய்து செய்து எங்களுக்கே சலித்துவிட்டது.

அந்த வளைவுப் பள்ளத்தில்தான் எழுபத்தொன்பதில் பெத்துராஜ் செத்துக் கிடந்தார். எஸ்டேட் தொழிலாளர் லயங்களில் விற்கக் கருவாட்டைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு ஏறுகிற மனிதர். குடித்துவிட்டு விழுந்தார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் மனைவி சண்முகத்தாய் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் சந்தையில் கடை போட்டாள்.

எண்பத்துநாலு ஐப்பசியில் ஒருநாள், காலை பதினொரு மணிக்கே கண் தெரியாத மூட்டம். வேலைக்காரப் பெண்கள் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வழக்கம்போல் உருட்டி வந்தேன். ஒன்பதாவது வளைவு நெருங்கும்போது சைக்கிள் மணி கேட்டது. பக்கத்தில், தெளிவாக. பிரேக்கை ஏறி மிதித்தேன். ஜீப்பு நின்ற இடத்துக்கு ஒரு முழம் முன்னால், முதுகைக் காட்டியபடி உக்கிரபாண்டி வண்டியில் உட்கார்ந்திருந்தான்.

ஆத்திரம் தலைக்கேறியது. சாவதற்கா நிற்கிறாய், மணி அடித்தவன் எங்கே என்று கத்தினேன். திரும்பினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, ஒனக்கும் கேட்டுச்சா?"

ஜீப்பிலிருந்த பெண்களைக் கேட்டேன். மணியா, எந்த மணி என்றார்கள். சாலையில் சைக்கிளும் இல்லை. ஆனால் மணி மறுபடி ஒலித்தது. எங்களை ஒட்டியே கடந்து மெதுவாக மேலே ஏறிப் போயிற்று. கருவாட்டு வாடை அடித்தது.

அங்கேயே சொல்லிவிட்டான். ஐந்து வருஷத்துக்கு முன் இதே மாதிரி மூட்டத்தில் இஞ்சினை அணைத்து, விளக்கில்லாமல் உருண்டு வந்திருக்கிறான். சத்தம் வந்திருந்தால் பெத்துராஜ் ஒதுங்கியிருப்பார். கைப்பிடி உரசியது, அவர் சாய்ந்தார், இவன் நிற்காமல் வந்துவிட்டான்.

அன்று சாயங்காலமே என்னையும் கூட்டிக்கொண்டு சண்முகத்தாய் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். விளக்குமாற்றை எடுப்பாள், போலீசுக்கு ஆள் விடுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவரு மணி அடிச்சாரா?"

"அடிச்சாருக்கா. மூணு வாட்டி அடிச்சாரு. அவரே ஒதுங்கிக்கிருவாருன்னு வந்துட்டேன்."

"அப்ப நெதானத்துலதான் இருந்திருக்காரு" என்றாள் சண்முகத்தாய். அப்படியே தரையில் உட்கார்ந்து, ஐந்து வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.