தொப்பூரில் நடக்காத விபத்து

அடிக்கடி வண்டிகள் கவிழும் தொப்பூர் கணவாயில் எங்கள் குடும்பத்தில் யாரும் அடிபட்டதில்லை. ஆனாலும் எட்டாம் வகுப்பு படிக்கும்போது நான் அங்கே ஒரு விபத்தில் சிக்கினேன். ஏற்பாடு செய்தவர் சித்தப்பா.

உண்மையில் எனக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கியிருந்தது. வளர்ச்சி நிற்கும்வரை ப்ரேஸ் போட வேண்டும், வளைவு கூடாமல் அது பிடித்துக்கொள்ளும், விட்டுவிட்டால் பிறகு ஆபரேஷன்தான் என்றார் தருமபுரியில் பார்த்த டாக்டர். அக்குளிலிருந்து இடுப்புவரை கெட்டிப் பிளாஸ்டிக். பின்னால் இழுத்துக் கட்டும் பட்டைகள். வீட்டில் அதற்குப் பெயர் பெல்ட்டு. குளிக்கும் நேரம் தவிரக் கழற்றக் கூடாது.

அம்மாவுக்கு அக்காவின் கல்யாணம்தான் பெரிய கவலை. வரன் பார்க்கிற நேரத்தில், "அவங்க வம்சத்துலயே கோணல் இருக்குது" என்று ஒரு வாய் சொன்னால் போதும். சித்தப்பாதான் வழி சொன்னார்.

"தொப்பூர்ல வண்டி கவுந்துருச்சுன்னு சொல்லிரலாங்க அண்ணி. தொப்பூர்னா மேக்கொண்டு யாரும் கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்கவில்லைதான். பாப்பாரப்பட்டியே ஆப்பிளும் பிரெட்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு தொப்பூர் கதை இருந்தது. நானும் என் பங்குக்கு ஒரு லாரியைச் சேர்த்தேன், அடுத்த வாரம் அதன் பிரேக்கைப் பிடுங்கினேன். அந்தக் காலத்தில் எனக்கிருந்த சுகம் அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் உள்பனியன் நனைந்து அரிக்கும். ஸ்கேலை விட்டுச் சொறிவேன். உட்கார்ந்தால் எழவேண்டும் போலிருக்கும், எழுந்தால் எங்கேயாவது ஓடவேண்டும் போலிருக்கும். விபத்தென்றால் சில மாதங்களில் ஆறிவிட வேண்டுமல்லவா? "இன்னுமா எலும்பு கூடல?" என்று ஊரார் கேட்கத் தொடங்கினார்கள்.

பென்னாகரத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளில், அக்கா உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா என் பெல்ட்டைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தாள்.

"கல்யாணம் முடியற வரைக்கும் இது வேணாம். அவங்க வரப்போக இருப்பாங்க, எத்தன பொய் சொல்றது?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. குனிந்தேன், நிமிர்ந்தேன், வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடினேன்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். காபித் தட்டோடு வந்த அக்கா என்னைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் பீரோவைத் திறந்தாள்.

"யக்கா, அம்மாதான் கழட்டுச்சு."

"தெரியும். மூச்ச இழு."

டாக்டர் பேனாவால் போட்டிருந்த கோடுவரை பட்டையை இழுத்தாள். மறுபடி கூட்டி வந்து எல்லோர் முன்னும் நிறுத்தினாள்.

"என் தங்கச்சிங்க. அடிபட்டதெல்லாம் இல்லைங்க, முதுகெலும்பு வளையுது. வளர்ற வரைக்கும் இதப் போட்டே ஆவணும். என் கல்யாணத்துலயும் இதோடதான் நிப்பா" என்றாள், மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து.

சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். அந்த அம்மா காபியைக் குடித்து முடித்து, "வூட்ல கலந்துட்டுச் சொல்றோங்க" என்றார். சொல்லி அனுப்பவே இல்லை.

அதற்குப் பின் யாரும் என் பெல்ட்டைக் கழற்றி வைக்கவில்லை. வளைவும் கூடவில்லை, ஆபரேஷனுக்கும் வேலை வரவில்லை.

அன்றைக்கோ எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிடைத்த விடுதலையை ஒரு பொழுதுகூட அனுபவிக்க விடவில்லையே. யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை, தட்டிக்கழிக்க என் முதுகு வாகாகக் கிடைத்திருக்கிறது. அதை அவளிடமே கேட்டேன்.

"ஆமா பாப்பா, அப்புடித்தான்" என்றாள்.

போட்டோ வந்த நாளிலிருந்தே அவரை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காபி டம்ளர்களைக் கழுவப் பின்கட்டுக்குப் போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை. வேண்டாத சம்பந்தம் விட்டுப்போன நிம்மதியில் ஆற அமரக் கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.