குஸ்கோவில் ஒரு யாழ்ப்பாணத்தான்

முதலில் நான் நம்பிய மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது மரியாதை. தென் அமெரிக்காவில், பெரு நாட்டு மலைகளுக்கு மேலே, குஸ்கோ என்ற பழைய நகரத்தின் ஒரு கல் ஒழுங்கையில், எனக்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணத்தான் நிற்கிறான் என்று நான் நம்பினேன்.

பேய் என்றெல்லாம் நினைக்கவில்லை. பேய், சகுனம், நாவூறு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. வெம்பிளியில் கார் ஓட்டப் பழக்குவது என் தொழில். பேயைவிடப் பயங்கரமான ஆட்களை, அவர்கள் கையில் ஸ்டியரிங்கோடு, தினமும் பக்கத்து சீட்டிலிருந்து பார்க்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்தான் இல்லாத ஊர் என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதைத்தான் என்னால் நம்பவே முடியாது. துருவத்துக்குப் பக்கத்திலேயே நம்மவன் ஒருத்தன் மீன் வெட்டிக்கொண்டு இருக்கிறான். குஸ்கோவில் மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

போனது தனியாக. சாந்தே இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டிய மதில்களைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. என் மனைவி சாந்தி வரமாட்டேன் என்றுவிட்டாள். "கல்லுப் பாக்கவோ அவ்வளவு தூரம்? கீரிமலையிலை இல்லாத கல்லே?" என்பது அவளுடைய கேள்வி. கீரிமலை எங்கள் யாழ்ப்பாணத்துக் கடற்கரை; பெயரில்தான் மலை.

விமான நிலையத்துக்குப் போக டாக்ஸி வந்து நிற்கிறது, நான் பெட்டியோடு படலையைத் தாண்டிவிட்டேன், அப்போது பின்னால் இருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ! மலைக் குளிசை எடுத்து வைச்சனீங்களோ?"

"ஓம், ஓம்."

"ஐயோ, பின்னாலை கூப்பிட்டுட்டன். உள்ளை வந்து இருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளிக்கிட்டுப் போகிற ஆளைப் பின்னால் கூப்பிட்டால் போகிற காரியம் கெடும். திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்து, புதிதாக வெளிக்கிட வேண்டும். "நான் தண்ணி குடிக்குமட்டும் பிளேன் நிக்குமோ?" என்று கேட்டுவிட்டு டாக்ஸியில் ஏறிவிட்டேன். குளிசை குசினி மேசையில் இருந்தது. உயரமான இடங்களில் மூச்சு முட்டாமல் இருக்க டொக்டர் தந்தது. திரும்பிப் போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

குஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு பின்னேரம். மறுநாள் காலைதான் ஊர் பார்க்க என்னுடைய முதல் நாள். தங்கின வீட்டுக்காரி ரோசா, அகலமான அம்மா, எனக்கு முன்னால் கொக்கா இலை போட்ட தேநீரை வைத்துத் தன் போனில் ஏதோ பேசினாள். போன் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னது. முதல் நாள் மேட்டில் ஏறாதே, இரு, குடி. லண்டனில் ஒன்று, இங்கே ஒன்று, எல்லாருக்கும் என்னை இருத்தித் தண்ணீர் குடிக்க வைப்பதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டு, தொப்பியைப் போட்டு வெளிக்கிட்டேன்.

நகரம் அழகுதான், அதில் குறை சொல்ல ஏலாது. கீழே இன்காக்களின் கருங்கல், அதற்கு மேலே ஸ்பானியர்களின் வெள்ளைச் சுவர், அதற்கு மேலே நீல நிற மரப் பல்கனி. கற்களுக்கு நடுவே என் வங்கி அட்டையைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. தலை இலேசாகச் சுற்றியது. ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று, கட்டடக் கலையை ரசிக்கிற பாவனையில் மூச்சு வாங்கினேன்.

அப்போதுதான் முதல் தரம். "அண்ணை!"

கத்தல் இல்லை. கடையில் பையை மறந்துவிட்டுப் போகிற ஆளைக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி, அக்கறையான ஆண் குரல். திரும்பிப் பார்த்தேன். பெரிய பெரிய மணியாகச் சோளம் அவித்து விற்கிற ஒரு பெண், அவ்வளவுதான். "ஆரது? எவடம் நீங்கள்?" என்று சந்தோஷமாகத் தமிழில் கேட்டேன். அந்தப் பெண் எனக்கு ஒரு சோளம் நீட்டினாள். நம்மவன் சந்துக்குள் புகுந்துவிட்டான், பிறகு பிடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவன் மட்டும் கிடைத்தால் மத்தியானம் சோறு நிச்சயம் என்று ஒரு கணக்கும் போட்டேன்.

ஊருக்கு மேலே மலை உச்சியில் பழைய கோட்டை ஒன்று. அதற்கு ஏறுகிற படிக்கட்டு நட்டுக்குத்தாக, ஆளில்லாமல் கிடந்தது. முதல் படிகளில் ஒரு மண்ணிற நாய் படுத்திருந்தது. அதைத் தாண்டி நாலைந்து படி ஏறி, சாந்திக்கு அனுப்ப என் முகத்தையும் பின்னால் இறங்குகிற படியையும் சேர்த்து வீடியோ எடுக்கத் தொடங்கினேன். "இஞ்சை பாரும், கீரிமலையிலை இப்பிடிப் படி இருக்கோ?" என்று சொல்லிக்கொண்டு இருக்கும்போதே இரண்டாம் தரம். "அண்ணை!"

இந்தமுறை கழுத்துக்குப் பின்னால். "ஓம்?" என்று திரும்பினேன். யாரும் இல்லை. ஒளிய ஒரு சந்துகூட இல்லை, இரண்டு பக்கமும் மதில்.

என் வீரத்தை இப்போது சொல்ல வேண்டும். ஐம்பது தாண்டிய மனிதன், வாய் நிறைய முருகா முருகா என்றுகொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கி, தெருமுனை வரை ஓடி, அங்கே நின்ற ஒரு சுற்றுலாக் குடும்பத்தின் நடுவில் போய் நின்றுவிட்டேன். அவர்கள் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார்கள். யாரோ ஒருவருடைய வரவேற்பறையில் இன்றைக்கும் நான் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பேன்.

சாந்திக்குப் போன் எடுத்தேன்.

"பகிடிதானே விடுறீர்? போனுக்குள்ளாலை ஆம்பிளைக் குரலிலை அண்ணை எண்டு கூப்பிட்டது நீர்தானே?"

"நான் உங்களை அண்ணை எண்டு கூப்பிடுவனே? விசரோ உங்களுக்கு?"

"ரெண்டு தரம் கேட்டது, சாந்தி."

"திரும்பிப் போய் இருங்கோ. தண்ணி குடியுங்கோ. ஒரு நாளைக்கெண்டாலும் சொல்லுறதைக் கேளுங்கோவன்," என்றாள்.

கேட்டேன். நம்பி அல்ல; கோட்டைக்கு ஏற வேறு வழி எனக்குத் தெரியாது, அந்தப் படியில் மறுபடி கால் வைக்க எனக்குத் துணிவும் இல்லை. ரோசாவின் கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு எழும்பப் பார்த்தேன், ஏலவில்லை. நெஞ்சுக்குள் சுருட்டுக் குடிக்கிற கிழவரின் மூச்சுப் போலக் கறகறவென்று சத்தம். ரோசா நீலம் பாரித்த என் உதட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய், தங்க வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த ஒக்சிசன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள்.

முகமூடிக்குள் மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தபோது நான் கடவுளை நினைத்ததாகச் சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் என் மரண அறிவித்தலைத்தான் எழுதிக்கொண்டு இருந்தேன். யாழ். கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும், லண்டன் வெம்பிளியை வதிவிடமாகவும் கொண்டவர் பெரு நாட்டில் காலமானார். பெருவில் எதற்கு என்று செத்த வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்பார்கள், கல்லுப் பார்க்கப் போனவர் என்று சாந்தி ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். அந்த வெட்கத்திலேயே இழுத்து இழுத்து மூச்சு விட்டேன்.

வந்த டொக்டர் ஓர் இளம் பெண், நல்ல ஆங்கிலம். நுரையீரலில் தண்ணீர் கோர்க்கத் தொடங்கிவிட்டது, உடனே கீழே இறங்க வேண்டும் என்றாள். அந்தப் படியில் பாதி ஏறியிருந்தால் என்று கேட்டேன். அங்கேயே விழுந்திருப்பாய், இந்த நேரம் அந்த வழியில் ஆள் நடமாட்டம் இல்லை என்றாள். குரலைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. ஒக்சிசன் குறைந்தால் மூளைக்கு இல்லாத குரல் கேட்கும், மலை ஏறுகிறவர்களுக்கு இது நடப்பதுதான் என்றாள். எனக்கு எவ்வளவு நிம்மதி! மறுநாள் விடிந்ததும் முதல் பிளேனிலேயே ஒரு கடற்கரை நகரத்துக்கு இறக்கிவிட்டார்கள். கோட்டையை நான் இன்னும் பார்க்கவில்லை.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். வீடு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சினேகிதன் செபஸ்தியானுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். மன்னாரான், எதையும் லேசில் நம்பமாட்டான். வீடியோவில் குரல் இல்லை. காற்றுச் சத்தம், என் இரைப்பு, என் பீற்றல், பிறகு சம்பந்தமே இல்லாமல் நான் திரும்பி "ஓம்?" என்கிறேன்.

"மச்சான், உனக்கு மேல்மாடி காலி," என்று செபஸ்தியான் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான் சிரித்தேன். இன்னொரு தரம் போடச் சொன்னான். மூன்றாம் தரமும் போடச் சொன்னான். பிறகு சிரிக்காமல், "நாயைப் பார்," என்றான்.

இப்போதெல்லாம் சாந்தி பின்னால் கூப்பிட்டால் நான் திரும்பிப் போய் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வெளிக்கிடுகிறேன். காருக்குள் பழக வந்த பிள்ளை காத்திருக்கும். செபஸ்தியான் பகிடி பண்ணுவதில்லை. டொக்டர் சொன்னது சரி என்றுதான் இன்றும் எல்லாருக்கும் சொல்கிறேன். என் மூளைக்கு ஒக்சிசன் போதவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாய் அங்கேயே பிறந்து வளர்ந்தது; அதற்கு அந்தக் காற்றுப் போதும்.

வீடியோவில் இருப்பது இவ்வளவுதான். நான் பேசிக்கொண்டு இருக்கிறேன். எனக்குப் பின்னால் படுத்திருக்கிற நாய் தலையைத் தூக்கி, ஆளில்லாத கீழ்ப்படியைப் பார்க்கிறது. வாலை ஆட்டுகிறது. எழும்பி, மதிலோடு ஒதுங்கி, வழி விடுகிறது. அதற்குப் பிறகுதான் நான் திரும்புகிறேன்.